முப்பத்தாறு பீப்பாயும் ஒரு பியூரெட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க செய்யிற வேலையைப் பத்தியே பேசுங்க, பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "சார், நான் வேலை பார்க்கிறது ஒயின் தயாரிக்கிற இடத்துல. பரவாயில்லையா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கெமிஸ்ட்ரி பகுதியை மட்டும் பேசிடுங்கம்மா" என்றார். அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டே இந்த மேடையில் நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். குடியைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. நம் ஊரில் குடி எத்தனை வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்பது உங்களைப் போலவே எனக்கும் தெரியும். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாங்கள்கூட வேலை நேரத்தில் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம். ஆனால் யவனர் கப்பலில் கொண்டு வந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது அந்த ஒயின் வந்த மண்ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆகையால் இந்தத் தலைப்பு நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமில்லை. (தமிழ்த்துறைத் தலைவர் தலையாட்டுகிறார். நன்றி ஐயா!)

1992-ல் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து இந்த வாசலைத் தாண்டினேன். கல்யாணமாகி கலிபோர்னியா போனேன். சில வருஷம் குடிதண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. 2011-ல் நாபா பள்ளத்தாக்கில், மலைச்சரிவில் உள்ள ஒரு சின்ன ஒயினரியில் பரிசோதனைக்கூட வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என் அம்மாவுக்கு இது பெரிய சங்கடம். சொந்தக்காரர்கள் கேட்டால், "திராட்சைத் தோட்டத்துல ஆபீசரா இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. ஆபீசர் என்பதைத் தவிர மற்றதெல்லாம் நிஜம்தான்.

அந்த ஊரில் இதை 'பூட்டிக் ஒயினரி' என்பார்கள். பூட்டிக் என்றதும் நம் பெண்களுக்குப் புடவைக் கடை ஞாபகம் வரும். ஏறக்குறைய அதேதான். சின்ன இடம், குறைந்த சரக்கு, எல்லாவற்றிலும் ஒருவருடைய கைபட்டிருக்கும். எங்கள் கணக்கைச் சொல்கிறேன், மாணவர்கள் மனதிலேயே பெருக்கிப் பாருங்கள். தோட்டம் 5 ஏக்கர். மலைச்சரிவு என்பதால் ஏக்கருக்கு 3 டன்தான் காய்க்கும். ஆக 15 டன். ஒரு டன்னுக்கு 12 பாட்டில் கொண்ட பெட்டி சுமார் 60 கிடைக்கும். மொத்தம் 900 பெட்டி, 10,800 பாட்டில். ஒரு பீப்பாய் 225 லிட்டர். அதில் முந்நூறு பாட்டில். அப்படியானால் எங்கள் வருஷம் முழுவதும் முப்பத்தாறு பீப்பாய்க்குள் அடங்கிவிடும். ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடலாம். முதலாளி, அவர் மனைவி, தோட்டத்தைப் பார்த்துக் கொள்ளும் இரண்டு பேர், நான். இவ்வளவுதான் கம்பெனி.

சிவப்பு ஒயின் எப்படி வருகிறது? கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சிவப்புச் சாறு வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான ரகங்களில் சாறு வெளிர் நிறம்தான். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. அதனால் பழத்தை உடைத்து, தோலும் விதையுமாகத் தொட்டியில் போட்டு நொதிக்க விடுகிறோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்குகிறது. அந்த வாயு தோலையெல்லாம் மேலே தூக்கி ஆடை மாதிரி கட்டிவிடும். அந்த ஆடையை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கட்டையால் அமுக்கி விட வேண்டும். நம் வீட்டில் மாவு பொங்கினால் கரண்டியால் அமுக்குவோமே, அதேதான். ஆனால் தொட்டி ஆள் உயரம். 'தொட்டிக்குள்ள தலையை விடாதே' என்பதுதான் முதல் நாள் பாடம். அங்கே காற்று இருக்காது; மயங்கி உள்ளே விழுந்தவர்கள் பிழைப்பது அபூர்வம்.

பத்துப் பதினாலு நாளில் சர்க்கரை தீர்ந்ததும் பிழிந்து பீப்பாய்க்கு மாற்றுவோம். அங்கே பாக்டீரியா வேலை செய்து, உறைப்பான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். பிறகு ஏறத்தாழ இருபது மாதம் காத்திருப்பு. மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்பனைக்கு வரும்போது பழம் பறித்து மூன்று வருஷம் ஓடியிருக்கும். இந்த மூன்று வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

"கம்பத்துல பன்னீர் திராட்சை இவ்வளவு விளையுதே, அதுல ஏன் பண்ணக்கூடாது?" என்று என் தம்பி கேட்பான். நம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். வாசனைக்குப் பேர் போனது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது சாப்பிடுவதற்கு அருமையான பழம். நாங்கள் பயிரிடும் கேபர்னே சொவிஞான், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, தடித்த தோலும் பெரிய விதையுமாக இருக்கும். வாயில் போட்டால் இனிப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடிக்கும். அந்தத் தடித்த தோல்தான் எங்களுக்கு முதல். இந்த ரகத்தின் தாய் தகப்பன் யார் என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1997-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்து, கேபர்னே ஃபிராங்க் என்ற கறுப்பு ரகத்துக்கும் சொவிஞான் பிளாங் என்ற வெள்ளை ரகத்துக்கும் பிறந்தது என்று கண்டுபிடித்தார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளை!

சின்ன இடத்தில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு பேரைச் சொல்கிறேன். வாரன் வினியார்ஸ்கி என்பவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு 1964-ல் நாபாவுக்கு வந்து, ஒயினரிகளில் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்றார். 1970-ல் கொடி நட்டார். 1973-ல் பறித்த பழத்தில் செய்த அவருடைய ஸ்டாக்ஸ் லீப் ஒயின், 1976 மே 24 அன்று பாரிசில், பெயர் மறைத்து நடந்த போட்டியில் பிரான்சின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்களைத் தாண்டி முதலிடம் பெற்றது. தீர்ப்புச் சொன்னவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள்! அந்த 1973 பாட்டில் ஒன்று இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொருவர் பிரான்சின் செயின்ட் எமிலியோனில் ழான்-லூக் துனவான். ஒரு காலத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். அவரும் மனைவியும் கொஞ்சம் நிலம் வாங்கி 1991-ல் முதல் ஒயினைச் செய்தார்கள். மாளிகை கிடையாது, கார் ஷெட் மாதிரி ஒரு இடம். அதனால் இப்படிப்பட்டவற்றுக்கே 'கராஜ் ஒயின்' என்று பெயர் வந்துவிட்டது. அவருடைய வலாண்ட்ரோ 2012-ல் அந்த ஊரின் முதல் தரப் பட்டியலிலேயே ஏறியது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சின்ன இடத்தின் மறுபக்கத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. பெரிய கம்பெனியில் ஒரு தொட்டி கெட்டால் நூறு தொட்டியில் கலந்து கரைத்துவிடலாம். எங்களுக்குக் கரைக்க இடம் கிடையாது. அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம், தாமிரம் கண்டறியும் டைட்ரேஷன். ஹைப்போவைச் சொட்டுச் சொட்டாக விட, நீல நிறம் மறைய வேண்டும். எனக்கு மூன்று ரீடிங்கும் மூன்று திசையில் நின்றன. மணி அடிக்கப் போகிறது. பக்கத்து மேசைத் தோழியின் ரீடிங்கை எட்டிப் பார்த்து, அதையே இரண்டு தடவை நோட்டில் எழுதிவிட்டேன். (அந்தத் தோழி இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக் கொண்டிருக்கிறாள்.) எங்கள் சார் நோட்டைப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அடர்த்தியில் கரைசல் கொடுத்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் கத்தவில்லை. "ரீடிங் தப்பா வந்தா மறுபடியும் செய்யலாம்மா. ரீடிங்கே எடுக்காம வந்தா நான் எதைத் திருத்துறது?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை ஐந்தரை மணி வரை நின்று மறுபடி செய்தேன்.

வேடிக்கை பாருங்கள், ஒயினரியிலும் எனக்கு அதே வேலைதான். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடை அளக்க அயோடின், ஸ்டார்ச், பியூரெட். இங்கே நீலம் மறைய வேண்டும். அங்கே நீலம் தோன்ற வேண்டும். சிவப்பு ஒயினுக்குள் நீலம் தோன்றுவதைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. பின்னால் விளக்கு வைத்துப் பார்ப்போம். 'வந்தாச்சு' என்று மனசு சொல்லும், கண் சொல்லாது.

2020-க்கு வருகிறேன். கொரோனா வருஷம். ஆகஸ்ட் 17 விடிகாலை, மழையில்லாத மின்னல். எங்கள் வட்டாரத்தில் அப்போது பற்றிய காட்டுத்தீ மட்டுமே மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. தீ எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. புகை வந்தது. வாரக்கணக்கில் நின்றது. செப்டம்பர் 9 அன்று பகலிலேயே வானம் ஆரஞ்சு நிறமாகி, விளக்குப் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். இலைகளின் மேல் சாம்பல். பழம் கொடியில் தொங்குகிறது, இன்னும் சில நாளில் பறிக்க வேண்டும்.

மரம் எரியும்போது குவாயகால் போன்ற பொருள்கள் புகையில் வரும். திராட்சை அவற்றைத் தோல் வழியாக உறிஞ்சி, சர்க்கரையோடு பிணைத்து வைத்துக்கொள்ளும். பிணைந்த நிலையில் அதற்கு வாசனை கிடையாது. பழத்தைக் கழுவினாலும் போகாது, தின்று பார்த்தாலும் தெரியாது. நொதிக்கும்போதும், பீப்பாயில் இருக்கும்போதும், ஏன், குடிப்பவரின் எச்சில் பட்ட பிறகும்கூட அந்தப் பிணைப்பு அவிழும். அப்போது வரும் ருசி எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்திருப்பார்களே, மறுநாள் காலை அந்தப் பக்கம் போனால் ஒரு வாடை வருமே, அது தொண்டையில் உட்கார்ந்தது மாதிரி இருக்கும். இதிலே இன்னொரு சிக்கல்: சிலருக்கு அது தெரியவே தெரியாது.

சோதனைக் கூடங்களுக்கு மாதிரி அனுப்பினால் முடிவு வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் வரிசையில் நின்றது. பழம் காத்திருக்குமா? ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கொஞ்சம் பறித்து, பிளாஸ்டிக் வாளியில் நொதிக்க வைத்து ருசி பார்த்தோம். மேல் சரிவுப் பழத்தில் சாம்பல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அதைக் கொடியிலேயே விட்டுவிட்டோம். கீழ்ச் சரிவு சந்தேகமாக இருந்தது. அந்த 5 டன்னைப் பறித்தோம். அது தொட்டியில் இருக்கும்போதே, செப்டம்பர் 27 அன்று கிளாஸ் ஃபயர் என்ற அடுத்த தீ மூண்டு, ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது கட்டடம் நின்றது. அந்த வருஷத்துக்கு எங்களிடம் இருந்தது முப்பத்தாறு அல்ல, பன்னிரண்டு பீப்பாய்.

2021 வசந்த காலம். ஆய்வு அறிக்கையின் எண்கள் நல்லதும் இல்லை, மோசமும் இல்லை. அதோடு, உட்பக்கம் சுட்ட ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் குவாயகால் இறங்கும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கரி போட்டு வடிகட்டலாம் என்றார்கள். அது வாசனையோடு நிறத்தையும் ருசியையும் சேர்த்து இழுத்துவிடும். பிணைந்து கிடப்பது உள்ளேயே இருந்து பிறகு தலைகாட்டும். முதலாளிக்கு எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு!" என்பார். அவர் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்புவார். வீட்டுக்குள் சண்டை வராத குறை. வங்கிக் கடன் வேறு. கடைசியில் என்னைப் பார்த்து, "நீயே ஒரு சோதனை வைத்துச் சொல்" என்றார்கள்.

பன்னிரண்டு பேரை அழைத்து, திறந்தவெளியில் தள்ளித்தள்ளி உட்கார வைத்து, எண் மட்டும் எழுதிய கிளாசில் கொடுத்தேன். தோன்றியதைச் சீட்டில் எழுதச் சொன்னேன். ஐந்து சீட்டில் 'சாம்பல்', 'புகை'. நான்கில் குறை எதுவும் இல்லை. மூன்றில் 'சுட்ட மரம்', 'பீப்பாய் வாசனையோ?' என்று இருந்தது. பீப்பாய் வாசனை குற்றமில்லை அல்லவா? அந்த மூன்றையும் நல்ல பக்கத்தில் சேர்த்து, "பன்னிரண்டில் ஐந்து" என்று எழுதிக் கொடுத்தேன். "பாதிக்கும் குறைவு" என்று முதலாளி முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அந்த மூவாயிரத்து அறுநூறு பாட்டிலில் என் சம்பளமும் இருந்ததே!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எழுதியது பக்கத்து மேசை ரீடிங். யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை, கரைசலை மாற்றிக் கொடுக்கவும் அங்கே சார் இல்லை. ஆனால் சீட்டில் கேள்விக்குறி போட்டது அவர்கள். அதைப் பதிலாக மாற்றியது நான்.

மறுவாரம் அந்த மூன்று பேரையும் திரும்ப அழைத்தேன். அதே மாதிரிப் பீப்பாயில் இருந்த 2019 ஒயினையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இருவர் உடனே சொன்னார்கள்: "அது மரம். இது சாம்பல்." ஐந்து, ஏழாயிற்று. முதலாளியிடம் போய், முதல் கணக்கை நான் எனக்குச் சாதகமாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லி, திருத்திய தாளைக் கொடுத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாததை என் பெயர் போட்டு விற்க முடியாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நாங்கள் ஏதோ தியாகிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பன்னிரண்டு பீப்பாயையும் கீழே கொட்டவில்லை. பெரிய அளவில் கலந்து விற்பவருக்கு அடிமாட்டு விலையில் கொடுத்தோம்; ஆய்வு அறிக்கையையும் என் சோதனைத் தாளையும் சேர்த்தே கொடுத்தோம். காப்பீட்டில் கொஞ்சம் வந்தது. பதினாலு மாதம் எனக்குப் பாதிச் சம்பளம். வார இறுதியில் வேறு இடத்தில் தண்ணீர் பரிசோதனைக்குப் போனேன். முன்னே சொன்ன மூன்று வருஷக் கணக்கு 2023-ல் வந்து நின்றது. அந்த வருஷம் விற்க எங்களிடம் சரக்கு இல்லை. கடையில்லாமல் நேராக எங்களிடமே வாங்கும் சுமார் அறுநூறு குடும்பங்களுக்கும் நடந்ததைக் கடிதமாக எழுதினோம். நூறு பேருக்கு மேல் விலகிப் போனார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். 2021-ல் கடும் வறட்சி, விளைச்சல் குறைவு. ஆனால் பழம் சுத்தம்.

மாணவச் செல்வங்களே, சின்ன இடத்தில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் பெரிய இடத்தில்தான் அதிகம், வீட்டிலும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் எங்கே போனாலும் ஒரு நாள் உங்கள் கையிலும் மூன்று கேள்விக்குறிச் சீட்டு வரும். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போது மறுபடி ஒரு தடவை செய்து பாருங்கள். ஐந்தரை மணி ஆனாலும் பரவாயில்லை.

எங்கள் கிடங்கில் ஒரு மர அலமாரி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பாட்டில் வீதம் வரிசையாக வைத்திருக்கிறோம். 2019-க்கும் 2021-க்கும் நடுவில் ஒரு பாட்டில் அளவுக்கு இடம் காலி. பார்க்க வருகிறவர்கள், "ஒன்று குறைகிறதே, உடைந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். முதலாளி என்னைக் கை காட்டிவிடுவார். நான் இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சார் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்று அந்த நோட்டில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாவது ரீடிங்கையும் இப்போது எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், சார்.